பொதிகை அடிவாரத்தில் ஒரு பஞ்சாலை

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்களுள் திருநெல்வேலிச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்டோர் மிகப் பலர். விடுமுறையில் ஊர் செல்வோர்க்குப் பாபநாசம் என்றதும் அருவியும் கோயிலும் நினைவுக்கு வரும். அவற்றின் அருகே, விக்கிரமசிங்கபுரத்தில் அமைந்த பஞ்சாலையின் வரலாறும் அறியத்தக்கது.

ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் சகோதரர்கள் 1885இல் இங்கு நூற்பைத் தொடங்கினர். அக்காலப் பம்பாய் ஆலைகள் நிலக்கரியை எரித்து, நீராவியால் இயங்கின. தென்கோடிக்கு நிலக்கரியைக் கொண்டுவருவதோ பெருஞ்செலவு. ஆனால், தாமிரபரணி இங்கு மலையிலிருந்து செங்குத்தாக இறங்குகிறது. அந்நீரைக் கால்வாயில் திருப்பி, அதன் வீழ்ச்சியால் சுழலிகளை இயக்கி, நூற்புக் கதிர்களை ஓட்டினர். சுழலியைச் சுற்றிய நீர் மீண்டும் ஆற்றிலேயே கலந்தது. கரிசல் நிலத்துப் பருத்தியும் அதே சீமையில் விளைந்தது. பின்னர் தூத்துக்குடியிலும் மதுரையிலும் இக்குழுமத்தின் ஆலைகள் எழுந்தன.

திருநெல்வேலித் தோல் பதனிடுவோர் தாராவியில் குடியேறியதும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். சிலருக்கு வேலை ஊரருகே வந்தது. பலர் வேலையைத் தேடி ஊரை விட்டு வந்தனர். இரண்டும் ஒரே காலத்தின் கதைகள்.

ஆலையைச் சுற்றிக் காண வேண்டியவை பல. நவகைலாயத் தலங்களுள் முதலாவதான பாபநாசநாதர் கோயில் ஆற்றங்கரையிலேயே உள்ளது. அதற்கு மேலே அகத்தியர் அருவி. மலைப்பாதையில் சென்றால் 143 அடி நீர்மட்டக் கொள்ளளவுடைய காரையாறு அணையையும், ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும் சொரிமுத்து அய்யனார் கோயிலையும் காணலாம். இது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதி. எனவே வனத்துறையின் அனுமதியையும் நேர வரம்பையும் முன்னரே கேட்டறிதல் நலம். சிவஞான முனிவர் பிறந்ததும் விக்கிரமசிங்கபுரத்திலேயே என்பது தமிழன்பர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

மும்பையிலிருந்து நாகர்கோவில் செல்லும் விரைவு ரயிலில் திருநெல்வேலியில் இறங்கி, அம்பாசமுத்திரம் வழியாகப் பேருந்தில் பாபநாசம் அடையலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பாபநாசத்தில் நீராடுவோர் பரிகாரமாக எண்ணி உடுத்திய துணிகளை ஆற்றில் விட்டுச் செல்கின்றனர். அவை படித்துறையில் தேங்கி நீரைக் கெடுக்கின்றன; மீன்களுக்கும் நீராடுவோர்க்கும் ஊறு விளைக்கின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீரும் நெல்வயலும் இந்த ஆற்றை நம்பியுள்ளன. ஈரத்துணியைப் பையிலிட்டு உடன் கொண்டுவருவதே, நம் முன்னோரை வளர்த்த ஆற்றுக்கு நாம் செய்யும் கைம்மாறு.