ஒரு டம்ளர் நிறம்

ஒரு அம்பாசிடர் காரின் மேல் இருக்கும் நிறத்தை மட்டும், காய்ந்த நிலையில், கொஞ்சமும் வீணாக்காமல் வழித்தெடுக்க முடிந்தால் எவ்வளவு தேறும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பானட், டிக்கி, கூரை, நான்கு கதவுகள், மட்காட், கதவுகளின் உள்விளிம்பு எல்லாம் சேர்த்துத் தோராயமாக 14 சதுர மீட்டர் என்று வையுங்கள். இன்றைய முறையில் அடிக்கப்படும் கலர் கோட்டின் கனம் சுமார் 15 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் வருவது 210 மில்லி. ஒரு காபி டம்ளரில் அடங்கிவிடும்.

அந்த ஒரு டம்ளரைக் காரின் மேல் சேர்க்க நான்கு லிட்டர் வாங்க வேண்டியிருக்கும். டப்பாவில் இருப்பதில் பெரும்பகுதி காற்றோடு போகிற கரைப்பான். போதாததற்குப் பட்டறைகளில் புழங்கும் சாதாரண ஸ்ப்ரே கன் பீய்ச்சுவதில் மூன்றில் ஒரு பங்குதான் தகட்டில் ஒட்டும். மற்றது புகையாகி, ஷெட்டின் சுவரிலும் பெயின்டரின் புருவத்திலும் போய் உட்காரும்.

இவ்வளவு வீணாக்கினாலும் மொத்தச் செலவில் நிறத்தின் பங்கு சிறியதுதான். பழைய காரை முழுதாக உரித்து ஒழுங்காகப் பெயின்ட் அடிக்க நூறு மணி நேர உழைப்புக்குக் குறையாது. பில் லட்சத்தைத் தொடுவதும் தாண்டுவதும் சகஜம். ஏறக்குறைய 1,100 கிலோ எடையுள்ள அதே அம்பாசிடரை, பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக்கும் கும்மிடிப்பூண்டி உலைகளுக்குத் தள்ளிவிட்டால், கிலோவுக்கு 30 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 33,000 ரூபாய்தான் வரும். காரின் விலையைவிட அதன் சட்டையின் விலை அதிகம் என்று வீட்டில் சண்டை வருவதில் நியாயம் இருக்கிறது.

அம்பாசிடர் பிறந்த ஊர் மேற்கு வங்கத்தின் உத்தரபாரா. 2014 மே மாதத்தில் அங்கே உற்பத்தி நின்றது. அதைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸுக்குத் திருவள்ளூரிலும் ஓர் ஆலை இருந்தது. முதலில் மண் அள்ளும் இயந்திரங்கள், 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் என்று அங்கே வேலை நடந்தது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் குழுமம் இப்போது ஸ்டெல்லாண்டிஸின் ஒரு பகுதி. அதன் சிட்ரோயன் கார்கள் இந்தியாவில் உருவாவது திருவள்ளூரில்தான். ஆக, அம்பாசிடர் பெயருக்குச் சொந்தக்காரர் நம் பக்கத்திலேயே தொழில் நடத்துகிறார். அதற்காக 1975ஆம் வருடத்து வண்டியின் பெயின்ட் விவரத்தை அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள்.

இன்றைய கார் ஆலையில் நடப்பதையும் தெருவோரப் பட்டறையில் நடப்பதையும் ஒரே சொல்லால் 'பெயின்டிங்' என்கிறோம். ஆலையில் கண்ணாடி, ரப்பர், ஒயர் எதுவும் மாட்டாத வெற்றுக்கூட்டை அப்படியே பிரைமர் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். விரல் நுழையாத இடுக்கிலும் மின்விசை பிரைமரை இழுத்துக்கொண்டு போய்ச் சுமார் 20 மைக்ரான் கனத்துக்கு ஒட்ட வைக்கும். பிறகு 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி இறுக்குவார்கள். வயதான காருக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. அதற்கு வாய்த்தது டிங்கரின் சுத்தியலும் பெயின்டரின் வாட்டர் பேப்பரும்தான்.

வேலை தொடங்குவது துருவில். பழைய காரில் துரு எங்கே இருக்கிறது என்று பார்க்க, கதவின் கீழ்விளிம்பில் குனிந்து பார்த்தால் போதும். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வடிவதற்காக அங்கே சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அவை மண்ணடைத்துப் போனால் தண்ணீர் உள்ளேயே நின்று தகட்டை அரிக்கும். வெளியே பெயின்டில் கடுகளவு கொப்புளங்கள் தெரியும். ஸ்குரூ டிரைவர் முனையால் ஒன்றைக் கிள்ளினால் செதில் பெயர்ந்து பழுப்புத் தூள் கொட்டும். அழுத்தினால் முனை உள்ளே போய்விடும். இரும்பு துருவாகும்போது பருமனில் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை ஊதுகிறது. அந்த ஊதல்தான் பெயின்டை மேலே தள்ளுகிறது.

பெயின்ட் என்பது தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொடாமல் மறைக்கும் சுவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1950களை ஒட்டி கேம்பிரிட்ஜில் ஜே.இ.ஓ. மேய்ன் என்ற வேதியியலாளர் அதை அளந்து பார்த்தார். கிடைத்த விடை வேறு. இரும்பு துருப்பிடிக்கத் தேவையான அளவு தண்ணீரும் ஆக்ஸிஜனும் நல்ல பெயின்ட் படலத்தின் ஊடாகவே உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கின்றன! அப்படியிருந்தும் இரும்பு பிழைப்பது எப்படி? துரு என்பது ஒரு மின்வேதி வினை. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு கரையும். விடுபட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடி இன்னோரிடத்தில் ஆக்ஸிஜனோடு சேரும். இந்தச் சுற்று முழுமையாக, இரண்டு இடங்களுக்கும் நடுவே அயனிகள் நகர வேண்டும். பெயின்ட் தடுப்பது அந்த நகர்வைத்தான். தண்ணீரை அனுமதித்துவிட்டு மின்னோட்டத்தை மறிக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் உப்பு ஏன் அவ்வளவு கெடுதல் என்பதும் விளங்கும். உப்பு கரைந்த ஈரத்தில் அயனிகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை கடல் நெடுக இருக்கிறது. காற்றில் வரும் உப்புத்துகள் கரையிலிருந்து விலக விலக வேகமாகக் குறையும் என்பதால், திருவள்ளூரில் நிற்கும் காருக்கும் கடலோரத்தில் நிற்கும் காருக்கும் ஆயுள் ஒன்றாக இருக்காது. ஒரு கீறல் விழுந்து, அதில் உப்பு ஈரம் இறங்கிவிட்டால், கீறலைச் சுற்றிப் பெயின்டுக்கு அடியில் காரத்தன்மை ஏறுகிறது. பழைய அம்பாசிடர்களில் அடித்த எனாமல் வகைகள் தாவர எண்ணெயிலிருந்து செய்த ஆல்கைடு பிசின்கள். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பெயின்ட், தன் அடிப்பக்கத்தில் சோப்பாகிக் கழன்றுகொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் துருவை மட்டும் தேய்த்துவிட்டு மேலே அடித்தால் ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி கொப்பளிக்கும். கொப்புளத்தைத் தாண்டி நல்ல தகடு பளிச்சென்று தெரியும் வரை உரிக்கிற பெயின்டர் கூடுதல் கூலி கேட்டால் கொடுத்துவிடுவதே லாபம்.

தொழிற்பேட்டை வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்பை அறுக்கும், தேய்க்கும் இடங்களில் பறக்கும் நுண்ணிய இரும்புப்பொடி பெயின்டின் மேல் வந்து பதியும். பனி ஈரத்தில் துருப்பிடித்து, வெள்ளைக் காரில் செம்புள்ளிகளாகத் தெரியும். உள்ளேயிருந்து வந்த துரு என்று பயந்து காரையே உரிக்க ஆரம்பித்துவிடுபவர்கள் உண்டு. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கழுவுநீருக்கே அது போய்விடும்.

தகடு சுத்தமான பிறகு டிங்கரிங், அதன் பிறகு பட்டி. பட்டி என்பது பாலியஸ்டர் பிசினும் மாக்கல் பொடியும். ஹார்டனரைப் பிசைந்தால் கால் மணி நேரத்தில் இறுகும், சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே. பள்ளத்தைச் சுத்தியலால் நிமிர்த்த நேரமில்லாத பட்டறையில் பட்டியை அப்பிவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வெயிலில் பட்டி விரியும் அளவு வேறு, எஃகு விரியும் அளவு வேறு. தினமும் இருவரும் இழுபறி நடத்தி, ஒருநாள் கனமான பட்டி வெடிக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோவது நல்லது. ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பட்டி.

பட்டியைத் தேய்த்துச் சமப்படுத்தும்போது கவனியுங்கள்: பெயின்டர் கண்ணை நம்புவதில்லை. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, நீளவாக்கில் ஒரே இழுப்பாகத் தடவுகிறார். சிலர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இது வெறும் பழக்கமில்லை. 2013இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஆய்வொன்றில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள மடிப்புகளை விரல்கள் அடையாளம் கண்டன. மைக்ரானில் எழுபதில் ஒரு பங்குக்கும் குறைவு அது. விரல் அசைந்தால்தான் இந்த நுட்பம்; வைத்து அழுத்தினால் தெரியாது.

கை தேடும் பள்ளத்தைக் கண்ணும் பிறகு காணும், ஆனால் பெயின்ட் பளபளத்த பிறகு. மங்கலான பிரைமர் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், மேடுபள்ளம் மறைந்திருக்கும். பளபளப்பான பரப்போ கண்ணாடியாக வேலை செய்யும். கண்ணாடி ஒரு பாகை சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு பாகை திரும்பும். எனவே ஷெட்டின் ட்யூப் லைட் கதவில் நேர்கோடாக விழாமல் நெளிந்தால், அங்கே வேலை சரியில்லை. பெயின்ட் குறையை மறைக்கும் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேலே அடிப்பது பளபளக்கப் பளபளக்க, அடியில் செய்த வேலையின் குட்டு வெளிப்படும்.

இனி ஸ்ப்ரே. ஐப்பசி, கார்த்திகையில் பழைய காரை அடிக்கக் கொடுக்காதீர்கள். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், அதாவது நம் தச்சர்கள் இன்றும் டூகோ என்று சொல்லும் வகை, காற்று ஈரமாக இருந்தால் வெளுத்துப் பால்போல் பூக்கும். தின்னர் சடுதியில் ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படிகிறது. அந்தத் தண்ணீர் கரைந்திருந்த செல்லுலோஸை வெள்ளைத் துகளாகப் பிரித்துவிடுகிறது. இன்றைய இரட்டைக் கலவைப் பெயின்டுக்கும் ஈரம் ஆகாது. அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் கரியமில வாயுவைக் கக்கும். படலத்தில் ஊசித்துளைகள் விழும். காலையில் வந்ததும் கம்ப்ரசர் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத்தான் நல்ல பெயின்டர் கன்னைத் தொடுவார். டேஷ்போர்டில் தடவுகிற சிலிக்கோன் பாலிஷின் சுவடு இருந்தாலும் போச்சு. அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் மாதிரி வட்டக் குழிகள் விழும். இத்தனையும் தாண்டி வந்த பிறகு, கடைசிக் கோட்டில் ஒரு கொசு வந்து உட்காரும்.

அந்த ஐசோசயனேட்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். உலகெங்கும் ஸ்ப்ரே பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வருவதற்கு அது பெரிய காரணம். உடல் ஒருமுறை அதை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடிதான் இதற்குச் சரியான காப்பு. நம் ஷெட்களில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். பழைய மஞ்சள், சிவப்புப் பெயின்ட்களில் ஈயக் குரோமேட் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் ஈயப்பொடி நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. மலிவான கொட்டேஷன் என்பது பல சமயம் இந்தச் செலவைப் பெயின்டரின் நுரையீரலில் எழுதிவிட்ட கொட்டேஷன்.

நிறம் என்று வந்தால், அரசு அம்பாசிடரின் வெள்ளையை எடுத்துக்கொள்வோம். அது டைட்டானியம் டை ஆக்சைடு. இதற்கான தாது, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது: இல்மனைட். ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, வைரத்துக்கு 2.4தான். ஒளியை இவ்வளவு வளைப்பதால்தான் மெல்லிய பூச்சே அடியிலுள்ளதை மறைத்துவிடுகிறது. வெயிலில் வருடக்கணக்கில் நின்ற வெள்ளைக் காரைத் தடவினால் விரலில் வெள்ளைப்பொடி ஒட்டுமே, அதற்கும் இந்த நிறமியே காரணம். புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பிடித்திருக்கும் பிசினையே இது மெல்லச் சிதைக்கிறது. பிசின் போனதும் நிறமி மட்டும் தூளாக நிற்கிறது.

அதனால் பழைய நிறத்தைப் பொருத்த, வெயில் படாத இடத்தைத் தேட வேண்டும்: கதவு பீடிங்குக்கு அடியில், டிக்கிக்கு உள்ளே. பெயின்ட் கடைக்கு மாதிரியாகப் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொண்டுபோவது வெளியில் கிடந்து மங்கிய நிறத்தைக் கொண்டுபோவதுதான். கலந்த பெயின்டைக் கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் மட்டும் ஒப்பிட்டுவிட்டுத் தலையாட்டவும் கூடாது. வேறு வேறு நிறமிகளால் ஆன இரண்டு நிறங்கள் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, வெயிலில் பிரிந்துபோகும். தெருவுக்கு வந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நிறத்தையே மாற்றுவதானால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிகளின்படி 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் எண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்.

வேலை முடிந்து வந்த காரை வாராவாரம் ரப்பிங் போட ஆசைப்படுவோம். மேலே இருக்கும் தெளிவான லேக்கர் கோட் மொத்தமே சுமார் 50 மைக்ரான். ஒவ்வொரு ரப்பிங்கும் அதில் இரண்டு மூன்று மைக்ரானைத் தின்றுவிடும். புற ஊதாவை மறிக்கும் சரக்கும் அந்த லேக்கரில்தான் இருக்கிறது. சூடேற்றும் அறை இல்லாத பட்டறையில் அடித்த பெயின்ட், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் முழுதாக இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை மெழுகு வேண்டாம், கார் கவரும் வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் வெளியேற வழி வேண்டும். ஆசையாக வாங்கிய கவர் அதுவரை டிக்கியிலேயே கிடக்கட்டும்.