உஷார்! அடிமாட்டு விலைக்கு லான் போடுகிறார்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காம்பவுண்டுக்குள் மண் காயத் தொடங்கினால் போதும், அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் வந்துவிடுகிறது. "லான் போட்டுத் தருகிறோம். மண், உரம், புல், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடி 25 ரூபாய். மூன்று மாதப் பராமரிப்பு இலவசம்." அந்தத் தெருவில் பல வருஷமாகத் தோட்ட வேலை பார்க்கும் மேஸ்திரி இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டிருப்பார். சங்கக் கூட்டத்தில் யாருக்கு வேலை போகும் என்று சொல்லவே வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள். குறைந்த அந்தப் பணம் எங்கிருந்தோ எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் உங்கள் காலடியிலிருந்துதான்.

லான் வேலையில் கண்ணுக்குத் தெரிவது புல். காசு போவது மண்ணில். 1,000 சதுர அடிக்கு ஆறு அங்குல உயரம் மண் கொட்ட 500 கன அடி வேண்டும். லாரிக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆக, ஐந்து யூனிட். அதையே இரண்டு அங்குலமாகப் பரப்பினால் இரண்டு யூனிட்கூட ஆகாது. மூன்று யூனிட் செம்மண், அதற்கான லாரி வாடகை, கலக்க வேண்டிய தொழு உரம், பரப்பும் ஆள்கூலி எல்லாமே மிச்சம். மேலே புல்லை விரித்த பிறகு யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? ஆறு அங்குலமும் இரண்டு அங்குலமும் முதல் மாதம் ஒரே பச்சைதான். பழைய வீட்டை இடித்துக் கட்டிய மனைகளில் இது இன்னும் மோசம். அடியில் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் அப்படியே கிடக்கும். மெல்லிய மண்ணில் வேர் கீழே இறங்க முடியாமல் மேலேயே படரும். சித்திரை வெயில் வந்ததும் திட்டுத் திட்டாகக் கருகும்.

ஊருக்கெல்லாம் ஒரே ரேட் சொல்பவரிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நம் பகுதிகளின் மண் அப்படி ஒரே மாதிரி இல்லை. தி.நகர் நிற்பது 1920-களில் வடித்து மனைகளாக்கிய பெரிய ஏரியின் படுகையில். பழைய வரைபடங்களில் அதற்கு லாங் டேங்க் என்று பெயர். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு அந்த ஏரியின் ஞாபகம்தான். அங்கே களிமண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. வடிகாலுக்கு வழி செய்யாமல் புல் போட்டால் ஐப்பசி அடைமழையில் வேர் அழுகும். பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், மட்கு உரம் நிறையக் கலந்தாக வேண்டும். இடத்தை வந்து பார்க்காமல், மண்வெட்டியால் ஒரு குழி தோண்டாமல், போனிலேயே விலை சொல்பவருக்கு இந்த இரண்டில் எதற்கும் செலவு செய்யும் எண்ணம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் பற்றியும் அவர் பேச மாட்டார். மயிலாப்பூரில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஐந்தடி இடைவெளியில் நாள் முழுக்க நிழல். அருகம்புல் வகைக்கு நல்ல வெயில் வேண்டும், அங்கே அது பிழைக்காது. எருமைப்புல் என்று தோட்டக்காரர்கள் சொல்லும் அகலத் தழைப்புல் கொஞ்சம் நிழல் தாங்கும். மாமரத்தடியில் அதுவும் சிரமம்தான். நேர்மையான ஆள் "இங்கே லான் வராதுங்க, வேற செடி வைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். விலைப்போட்டியில் இறங்கியவருக்கு அந்தச் சொல் வராது. போட்டுவிட்டுப் போய்விடுவார்.

தண்ணீர்க் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கோடையில் 1,000 சதுர அடிக்கு ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் என்றாலே சுமார் 465 லிட்டர். மாதத்துக்கு ஏறக்குறைய 14,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று முழுக்கக் காலியாகி அதற்கும் மேலே போகிறது. மண் ஆழம் குறைந்தால் ஈரம் தங்காது, காலையும் மாலையும் ஊற்ற வேண்டிவரும். சதுர அடிக்கு மிச்சம் பிடித்த ரூபாய் ஒரே கோடையில் லாரித் தண்ணீராகப் போகும். 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் வந்த ஊர் இது.

மலிவு மண்ணோடு கோரையும் வருகிறது. எங்கிருந்தோ வழித்து வந்த மண்ணில் கோரைக்கிழங்கு கலந்திருந்தால் இரண்டே மாதத்தில் புல்லைத் தாண்டி எழும்பும். மேலே பிடுங்கினால் அடியில் கிழங்கு தங்கி மறுபடி முளைக்கும். கையால் தோண்டி எடுக்க ஆள் வேண்டும். குறைந்த ரேட்டில் ஒப்புக்கொண்டவரிடம் அதற்குக் காசு இல்லை. அவர் எடுப்பது களைக்கொல்லிப் பாட்டிலை. லேபிள் இல்லாத பாட்டில், கையுறை இல்லாத ஆள், சாயங்காலம் அதே புல்லில் உட்காரும் குழந்தைகள். எனக்கு மிகவும் பயம் தருவது இந்த இடம்தான்.

கிளைஃபோசேட்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. பூச்சி ஒழிப்புப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லி உடலுக்குள் போனால் முறிவு மருந்தே கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலித்தொல்லைக்காக வீட்டுக்குள் மருந்து வைக்கப்பட்ட பிறகு இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. அது வேறு மருந்து, வேறு வேலை. ஆனால் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றுதான்: என்ன அடிக்கிறீர்கள், உங்களிடம் உரிமம் இருக்கிறதா? பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இலிருந்து இருக்கிறது. கூலிக்கு மருந்தடிக்க உரிமம் வேண்டும் என்பது அதன்கீழ் உள்ள விதி. பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்துப் பார்க்காமல் ஒருவரையும் தெளிக்க விடாதீர்கள்.

இனி மொட்டை மாடிக்கு வருகிறேன். தரையில் இடம் போய்விட்டதால் இப்போது லான் மாடிக்கு ஏறுகிறது. இங்கே விலையைக் குறைக்க ஒரே வழி, தேங்காய் நார்க்கழிவும் மட்கும் சேர்ந்த எடை குறைந்த கலவைக்குப் பதிலாகச் சாதாரணச் செம்மண்ணை மூட்டை மூட்டையாக மேலே தூக்கிக் கொட்டுவது. ஒரு சதுர அடியில் ஆறு அங்குலம் மண் என்றால் அரை கன அடி. நனைந்த நிலையில் அது 25 கிலோ அளவுக்கு வரும். ஆட்கள் நடமாடும் தட்டையான மாடிக்கு, நிலையான எடைகளைத் தவிர, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்பதுதான் இந்தியத் தர நிர்ணயம் 875-இன் இரண்டாம் பகுதி சொல்லும் கணக்கு. சதுர அடிக்கு 14 கிலோ. மண் மட்டுமே அதைத் தாண்டிவிட்டது. நாற்காலி, தொட்டி, பிறந்தநாள் விழாவுக்கு மேலே ஏறும் முப்பது பேர் எல்லாம் இனிமேல்தான். 600 சதுர அடி மாடியில் 15 டன் ஈர மண் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொட்டியதைப் போல மழை கொட்டி, வடிகால் குழாய் மண்ணில் அடைத்துக்கொண்டால் அதன்மேல் தண்ணீரின் எடையும் ஏறும்.

மயிலாப்பூரில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மாடி. அதன் மேல் லான் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். கான்கிரீட் மாடியாக இருந்தாலும் கட்டடப் பொறியாளர் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை மண்ணும் ஏறக்கூடாது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் வடிகால் அடுக்கும் கொட்டேஷனில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மழைக்கு மேல்வீட்டுக்காரரின் படுக்கையறைச் சுவரில் ஈரம் தெரியும்.

பராமரிப்பு ஒப்பந்தத்திலும் இதே கூத்துதான் நடக்கிறது. வாரம் இரண்டு நாள், இரண்டு ஆள், உரம், மருந்து, மெஷின் அனைத்தும் உட்பட மாதம் 5,000 ரூபாய் என்று ஒருவர் எழுதித் தருகிறார் என்று வையுங்கள். எட்டு முறை, இரண்டு பேர், பதினாறு ஆள்நாள். ஆளுக்கு 800 ரூபாய் என்றாலே 12,800 ஆகிறது. அரை நாள் வேலை என்று வைத்தாலும் 6,400. உரத்துக்கும் பெட்ரோலுக்கும் இன்னும் வரவேயில்லை. அப்படியானால் எழுதியபடி நடக்காது. ஒரே ஆள் காலையில் மந்தைவெளியில் தொடங்கி ஆறேழு குடியிருப்புகளில் அரை மணி அரை மணியாகத் தலைகாட்டிவிட்டுப் போவார், கண்ணாடிகூட மாட்டாமல் பிரஷ் கட்டரைச் சுழற்றுவார். கல் தெறித்துக் கண்ணில் பட்டால் அவருக்கு யார் பொறுப்பு? குறைந்த ரேட்டின் பெரும்பாகத்தைக் கட்டுவது அந்த மனிதர்தான். பல வருஷ அனுபவமுள்ள ஒரு மேஸ்திரி என்னிடம் சொன்னார்: "அவங்க சொல்ற ரேட்டுக்கு நானும் செய்யலாம் சார். என் ஆளுங்களுக்கு என்ன கொடுக்கறது?"

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து 1970-இல் இதை விளக்கினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உள்ளே இருக்கும் தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காது. நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார், மிஞ்சுவது மோசமான சரக்கு. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத நம்மிடம் அதுதான் நடக்கிறது. இந்த மேஸ்திரிகள் தொழிலை விட்டுப் போய் செக்யூரிட்டி வேலைக்கு நின்றுவிட்டால், அடுத்த வருஷம் அதே மலிவு ஆசாமி விலையை ஏற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. அடக்கத்துக்கும் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது, உண்மை. ஆனால் அது சந்தையில் ஆதிக்க நிலையில் இருப்பவருக்குத்தான் பொருந்தும். தெருமுனை காண்ட்ராக்டரை அந்தச் சட்டம் தொடாது.

சங்கச் செயலாளர்களுக்குத் தனியாக ஒன்று. மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று நீங்கள் கேட்டவுடன் ஒரே ஆள் மூன்றையும் கொண்டுவந்து கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. மூன்று லெட்டர்ஹெட், மூன்று பெயர். ஆனால் ஒரே எழுத்துப்பிழை, ஒரே வரிசையில் அதே ஐட்டங்கள், சில சமயம் அதே கைப்பேசி எண். இரண்டில் விலையை வேண்டுமென்றே ஏற்றிப் போட்டிருப்பார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மூன்று பேரையும் நேரில் வரச் சொல்லுங்கள். பில்லில் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் பதினைந்து இலக்க எண் இருக்க வேண்டும்; தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் சரிபார்க்கலாம். எண் இல்லாமல் வரி கேட்டால் அந்தப் பணம் அரசுக்குப் போகாது.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும்: மண் எத்தனை அங்குலம், எத்தனை யூனிட், புல் வகை எது, பாயாக விரிக்கிறாரா, துண்டாக நடுகிறாரா (துண்டு நடவு மலிவு, மூடுவதற்கு மாதங்கள் ஆகும்), என்ன மருந்து, யார் அடிப்பது, வாரத்துக்கு எத்தனை ஆள், எத்தனை மணி நேரம். மண் இறங்கும் நாளன்று ஒருவர் நின்று லாரியை எண்ணுங்கள், பரப்பிய பிறகு ஸ்கேலைக் குத்தி அளந்து பாருங்கள். பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். மண்ணுக்கு ஒரு பங்கு, புல் நட்டதும் ஒரு பங்கு, புதுத் தழை விட்டு மூடிய பிறகு மீதி என்று பிரியுங்கள். நேர்மையான ஆள் இதற்கு ஒத்துக்கொள்வார். எதையும் ரொக்கமாக, ரசீது இல்லாமல் தரவேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விட்டுவிடாதீர்கள். கொட்டேஷன், வங்கிப் பரிமாற்றம், கருகிய புல்லின் படம் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

விலை அதிகம் என்று நீங்கள் திருப்பி அனுப்பிய அந்த மேஸ்திரியின் எண் இன்னும் உங்கள் போனில் இருக்கும். இந்த வாரமே கூப்பிட்டு, அந்த விலை எதற்கு ஆகிறது என்று வரி வரியாகக் கேளுங்கள்.