சிக்குக் கோலமும் சீமைப் பின்னலும்

பெரியவர்கள் வர்ணம் தீட்டுவதற்கென்றே அச்சிட்ட சித்திரப் புத்தகங்கள் சில வருஷங்களாக நமது தேசத்துக் கடைகளிலும் வந்து குவிகின்றன. ஸ்காத்லாந்துச் சித்திரக்காரியான ஜோஹானா பாஸ்போர்டு அம்மையார் 2013-ஆம் வருஷத்தில் வெளியிட்ட தோட்டச் சித்திரப் புத்தகம் லக்ஷக்கணக்கில் விற்ற பின்னர் இம்மோகம் வலுத்தது. இவற்றில் ஒரு வகை, கெல்டியப் பின்னல் என்னும் முடிச்சுச் சித்திரங்களால் நிரம்பியது. ஒரே கயிறு மேலும் கீழுமாகப் புகுந்து புறப்பட்டு, தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். இதைக் காணும் தமிழ்ப் பெண்மணி எவரும், "இது நம் சிக்குக் கோலமல்லவா!" என்றே கூறுவார்.

அயர்லாந்தின் பின்னலை நாம் இகழவில்லை. டப்ளின் நகரத்து டிரினிடி கலாசாலையிலுள்ள கெல்ஸ் சுவடி, கி.பி. 800-ஐ ஒட்டித் துறவிகள் கன்றுத் தோலில் எழுதி அலங்கரித்தது. அந்நாட்டார் தங்கள் தேசிய இயக்க காலத்தில் இப்பழைய பின்னலைத் தேடியெடுத்துக் கல்லிலும் நூல் அட்டையிலும் பொறித்துப் பெருமை கொண்டனர். நாமோ நம்முடையதைத் தினந்தோறும் மிதித்து நடக்கிறோம்!

இரு நூற்றாண்டுக்குமேல் அந்நியர் வசமிருந்து 1954-இல் பாரதத்தோடு சேர்ந்த காரைக்கால் பகுதியில் சுரக்குடி என்றோர் ஊர் உண்டு. அத்தகைய டெல்டாக் கிராமங்களில் கொடி மாறிற்றேயன்றி வாசல் மாறவில்லை. சாணம் தெளித்துப் பெருக்கிய தரையில் புள்ளி வைத்து, விரலிடுக்கில் மாவு நழுவ, இழையைப் புள்ளிகளைச் சுற்றி நெளிய விடுவதே சிக்குக் கோலம். அழிப்பதற்கோ திருத்துவதற்கோ அவகாசமில்லை. கை ஓடுமுன் மனம் முழு வழியையும் கண்டிருக்க வேண்டும்.

இதில் ஒரு கணிதம் அடங்கியிருக்கிறது. நேர்ப்புள்ளிகளை வரிசையாக வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே இழைகள் குறுக்கிடும்படி முழுவதும் சுற்றினால் எத்தனை இழை வேண்டும்? வரிசைகளின் எண்ணையும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை. 3-க்கு 5 எனில் ஒரே இழை. 4-க்கு 6 எனில் இரண்டு. 3-க்கு 3 எனில் மூன்று. கெல்டியப் பின்னலுக்கும் இதே விதிதான். இரண்டு இழைகளை ஒன்றாக்க விரும்பும் கோலக்காரி, அவை வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தில் வெட்டாமல் திருப்பி விடுகிறாள். ஐரோப்பியத் துறவியும் அதையே செய்தார். தாம்பரம் கிறிஸ்தவக் கலாசாலையைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி முதலியோர் 1974-இல் கோலத்தின் இலக்கணத்தைக் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தோடு இணைத்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். பல்கலைக்கழகம் எட்டிப் பார்க்குமுன்பே வாசற்படியில் வித்தை நடந்துகொண்டிருந்தது.

வர்ணப் புத்தகத்தில் இழையை வேறொருவர் முன்னமே போட்டுவிடுகிறார். நமக்கு எஞ்சுவது இடைவெளியை நிரப்பும் வேலை. நோயாளிக்கும் களைத்தவருக்கும் அது ஆறுதலாயின் நல்லதே. ஆனால் சிந்தனை முழுவதும் இழையில் அல்லவோ இருக்கிறது! வாசலில் ஸ்டிக்கர் கோலத்தை ஒட்டிவிட்டு, உள்ளே அமர்ந்து அயலார் முடிச்சுக்கு வர்ணம் தீட்டும் குடும்பத்தில், பாட்டியின் கைவழி பேத்திக்கு எப்படி வரும்? மாவுக்குப் பதில் கல்பொடி வந்ததில் எறும்புகளுக்கும் நஷ்டம்தான்.

அடுக்கு மாடியில் வாசல் ஏது என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். ஒரு சிலேட்டுப் பலகை போதும். பெண் குழந்தைக்கு மட்டுமென்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். கணக்கில் தடுமாறும் பையனையும் அருகில் உட்கார வையுங்கள். முதலில் 3-க்கு 5 புள்ளி வைத்துக் கொடுங்கள். அது கைவந்தபின் 4-க்கு 6 வைத்து, ஒரே இழையாக முடிக்கும்படி சொல்லுங்கள். எந்த இடத்தில் திருப்புவது என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.