எதிரியின் பெட்டியிலுள்ள தஸ்தாவேஜு

அணுபுரத்துக்குச் சமீபத்தில், சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. 1824-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் அவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கரையோரமாகத் தெற்கே சென்றால், 1954 வரையில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி. இம்மூன்று தேசத்தாரும் சரக்குகளோடு தத்தம் நியாய முறைகளையும் இக்கரையில் இறக்கினார்கள். அவற்றுள் எது நமது கோர்ட்டுகளில் நிலைத்தது என்பது, வழக்காடும் ஏழைக்கு அற்ப விஷயமன்று.

செங்கற்பட்டில் ஒரு சிறு கட்டிட ஒப்பந்தக்காரர், தமக்குச் சேரவேண்டிய கூலிக்காக ஒரு கம்பெனியின்மீது பிராது கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை குறைவின்றி முடிந்ததென்று கம்பெனியின் இஞ்சினீயரே எழுதிய குறிப்பு கம்பெனியின் பெட்டியில் இருக்கிறது. அதை வெளியே வரவழைப்பது எங்ஙனம்?

இங்கிலாந்தில், தனக்குப் பாதகமான காகிதத்தையும் கக்ஷிக்காரன் தானே காட்டவேண்டும். 1882-ல் பெருவியன் குவானோ கம்பெனி வழக்கில், விசாரணைக்கு வழிதிறக்கக்கூடிய காகிதமும் இதில் அடங்குமென்று தீர்ப்பாயிற்று. காகிதம் மலையாகக் குவிந்தது. வக்கீல்களின் வருமானமும் உயர்ந்ததென்பதை நம் தொழிலைப் பற்றியதாயினும் சொல்லத்தான் வேண்டும். 1999-ல் அமுலுக்கு வந்த விதிகள் அதைச் சுருக்கின.

பிரான்ஸில் அப்படியன்று. இன்ன தஸ்தாவேஜு எதிரியிடம் இருக்கிறதென்று குறிப்பிட்டு மனுச் செய்தால், நியாயாதிபதி உத்தரவிடலாம். மீறினால் அபராதம் வளரும். அந்நிய கோர்ட்டுகளுக்காக வியாபாரத் தஸ்தாவேஜுகளைச் சர்வதேச உடன்படிக்கை வழியாகவன்றித் தேடிக் கொடுப்பதை 1980-ல் அந்நாடு குற்றமாகவே ஆக்கிற்று. எதிரியின் ஜயத்துக்கு ஆயுதம் தேடித்தர எவனும் கடமைப்பட்டவனல்லன் என்பது ஜெர்மானியரின் பழைய கொள்கை. 2002-ல் நியாயாதிபதியின் அதிகாரம் சிறிது விரிந்தது. ஹாலந்திலும் 2025 ஜனவரி முதல் புதிய சாக்ஷியச் சட்டம் நடக்கிறது.

நமக்குக் கிடைத்தது ஆங்கில முறை. புதுச்சேரிக்கும் 1968-ல் இந்திய ஸிவில் நடைமுறைச் சட்டம் நீட்டப்பட்டது. 1908-ஆம் வருஷத்து அச்சட்டத்தின் 11-வது ஆர்டர், எதிரியின் தஸ்தாவேஜுகளைப் பிரமாணத்தின்மேல் வெளியிடச் செய்கிறது. உத்தரவை மீறும் வாதியின் வழக்கைத் தள்ளவும், பிரதிவாதியின் எதிர்வாதத்தை அடித்துவிடவும் இடமளிக்கிறது. இவ்வளவு கூர்மையான ஆயுதம் உறையிலேயே கிடக்கிறது. மனுப் போட்டுக் கேட்டால்தானே கிடைக்கும்? கேட்பதற்கும் வாய்தா, மறுப்பதற்கும் வாய்தா.

2015-ஆம் வருஷத்து வணிகக் கோர்ட்டுச் சட்டம் ஒரு நல்ல மாறுதல் செய்தது. அனுகூலமோ பிரதிகூலமோ, கைவசமுள்ள சம்பந்தப்பட்ட தஸ்தாவேஜுகளனைத்தையும் வாதியும் பிரதிவாதியும் கேளாமலே ஆரம்பத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு கோடி ரூபாயென்ற எல்லை 2018-ல் மூன்று லக்ஷமாகக் குறைக்கப்பட்டது. நமது ஒப்பந்தக்காரருக்கு நான்கு லக்ஷம் வரவேண்டியிருந்தால் அவர் பிழைத்தார். இரண்டு லக்ஷமானால் பழைய கதைதான். தகப்பனாரின் பத்திரங்களைத் தமையன் பூட்டிவைத்திருக்க, பாகம் கேட்கும் தம்பியின் கதியும் அதுவே.

லக்ஷாதிபதியின் வழக்குக்கு ஒரு நேர்மை, குடியானவன் வழக்குக்கு வேறு நேர்மை என்பது தகாது. இவ்விதியை முன்சீப் கோர்ட்டுகளுக்கும் நீட்ட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். பார்லிமெண்டை எதிர்பார்க்க வேண்டியதுமில்லை; 122-வது பிரிவின்படி, ராஜாங்கத்தின் அங்கீகாரம் பெற்று, சென்னை ஹைகோர்ட்டே விதிகளைத் திருத்தலாம்.