அளந்த கையும் வெட்டிய கையும்

1989க்கு முன்பு நான் கோட்டுப் போட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் ஆம்பூர் ஸ்டூடியோவில். படம் எடுக்க வருபவர்களுக்கென்று ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். யார் போட்டாலும் தோள் இறங்கிவிடும் என்பதால் போட்டோகிராபர் முதுகுப் பக்கம் இழுத்துக் கிளிப் மாட்டுவார். அந்தப் படம் ஒட்டிய பாஸ்போர்ட்டோடுதான் ஹாங்காங் தோல் கண்காட்சிக்குப் புறப்பட்டேன். "அங்கே நல்லதா ஒரு சூட்டு தைச்சுக்கோப்பா, பார்ட்டிங்க முன்னால உட்காரணும்" என்று முதலாளி கையில் பணம் கொடுத்து அனுப்பினார்.

அப்போது விமானம் கை டாக்கில்தான் இறங்கும். கௌலூன் வீடுகளின் மொட்டை மாடிகளை உரசுவதுபோல வந்து இறங்கி, அரை மணியில் நேதன் ரோட்டுக்கு வந்துவிடலாம். ரோட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் நியான் பலகைகள். கீழே பத்தடிக்கு ஒருவர் "சார், சூட்டு? சார், வாட்ச்?" என்று கூடவே நடந்து வருவார்.

அந்த ஊர் தையலுக்குப் பேர் வாங்கியது தற்செயலாக அல்ல. வெள்ளைக்காரர்களுக்குத் தைத்துப் பழகிய ஷாங்காய் மாஸ்டர்கள் 1949ஐ ஒட்டி, சீனாவில் ஆட்சி மாறியபோது, கத்தரியோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். பிரிவினையில் ஊரை இழந்த சிந்திகள் கடை வைத்தார்கள். கொரியப் போர், பிறகு வியட்நாம் போர் என்று அமெரிக்கக் கப்பல்கள் துறைமுகத்தில் நின்றன. சில நாள் விடுப்பில் கரையேறிய சிப்பாய்க்குக் காத்திருக்க நேரம் இல்லை. '24 மணி நேர சூட்டு' பிறந்தது இப்படித்தான். 1957இல் தொடங்கிய சாம்ஸ் டெய்லர் பிரிட்டிஷ் படையினருக்குத் தைத்தே வளர்ந்த கடை. இவ்வளவு அவசரத்திலும் தைத்த கைகள் ஊருக்குள்ளேயே இருந்தன. கீழே அளவு எடுத்தால் மேல்மாடியில் இரவெல்லாம் மிஷின் ஓடும்.

காயல்பட்டினம் நண்பர் ஒருவர், ரத்தினக் கல் வியாபாரத்துக்காக அங்கேயே குடியிருந்தவர், என்னை ஒரு ஷாங்காய்ப் பெரியவரிடம் அழைத்துப் போனார். குறுகலான படி, மூன்றாம் மாடி, ஒரே அறை. அவருக்கு என் ஆங்கிலம் புரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. இஞ்ச் டேப்பை எடுப்பதற்கு முன்னால் என்னைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். அப்புறம் என் வலது தோளில் கையை வைத்து லேசாகத் தட்டினார். பத்து வருஷமாகத் தோல் சாம்பிள் பையை அந்தத் தோளில்தான் மாட்டி அலைந்திருந்தேன். அது அரை இஞ்ச் இறங்கியிருப்பது என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

மூன்றாம் நாள் முதல் ட்ரையல். வெள்ளை நூலில் நீளநீளமாகக் கச்சாத் தையல் போட்ட கோட்டு, ஒரு கை மட்டும் பொருத்தியிருந்தது. கண்ணாடியில் எனக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. அவர் மட்டும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று நூலைப் பிடித்து இழுத்து அந்தக் கையைப் பிய்த்தெடுத்தார். திடுக்கிட்டுவிட்டேன். என் கையைத் தொங்கவிடச் சொல்லி, அது தானாக விழுகிற கோணத்தைப் பார்த்து, சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கோட்டின் கையைச் சற்று முன்பக்கம் திருப்பிக் குண்டூசி குத்தினார். ஒரு விரல்கடை மாற்றம்தான். அதற்குப் பின் டம்ளரைத் தூக்கினாலும் காலர் கழுத்தை விட்டு எழும்பவில்லை. மொத்தம் மூன்று ட்ரையல், ஆறு நாள். காஜா எல்லாம் கையால் எடுத்தது.

2024 மார்ச்சில் மறுபடி போனேன், மகனோடு. அவனுக்கு முதல் சூட்டு. நியான் பலகைகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டார்கள். கை டாக் 1998லேயே மூடியாகிவிட்டது. அந்த மூன்றாம் மாடியில் இப்போது தங்கும் விடுதி. ரோட்டில் கூப்பிடுகிறவர்கள் மட்டும் அப்படியே நிற்கிறார்கள்.

நாங்கள் போன கடையில் ஒரு இளைஞர் பணிவாக நாலு பக்கமும் செல்போனில் படம் பிடித்தார், இருபது அளவுக்கு மேல் எடுத்துக் குறித்தார். சூப்பர் 100, சூப்பர் 120 என்று துணிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். எண் ஏற ஏற இழை மெலியும். 100 என்றால் 18.75 மைக்ரான், 120 என்றால் 17.75. மெலிந்த துணி நளினமாக விழும், சீக்கிரம் தேயும். அந்த இரண்டாவது விஷயத்தை அவர் சொல்லவில்லை. "மாஸ்டர் எங்கே?" என்று கேட்டேன். அளவு எல்லை தாண்டி ஷென்ஜெனுக்குப் போகும், அங்கே தைத்து வரும் என்றார். இன்று பல கடைகளுக்கு இதுதான் வழி. ஹாங்காங் வாடகையில் பட்டறை வைத்துக் கட்டுப்படியாகாது. பழைய மாஸ்டர்கள் ஓய்ந்துவிட்டார்கள், பிள்ளைகள் ஊசியைத் தொடவில்லை. 1997இல் பிரிட்டிஷ் படையினரும் போய்விட்டார்கள். கோவிட் காலத்தில் வெளியூரார் வரத்தும் நின்றுபோனது. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் சூட்டு வந்தது, முழுக்கத் தைத்து முடித்து. பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பின்கழுத்துக்குக் கீழே மட்டும் ஒரு மடிப்பு புடைத்து நின்றது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வளர்ந்த முதுகு அவனுக்கு. டேப்புக்கு அது தெரியாது. குண்டூசி குத்தித் திருப்பி அனுப்பினார்கள். வந்தபோது மடிப்பு குறைந்திருந்தது, போகவில்லை. நெஞ்சுப் பக்கம் உள்ளே கேன்வாஸைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். என் கோட்டில் அது குதிரைமயிர் கலந்த கேன்வாஸ், ஆயிரக்கணக்கான சின்னத் தையல்களால் பிடித்தது.

1952இல் தொடங்கிய டபிள்யூ. டபிள்யூ. சான் போன்ற சில கடைகள் ஷாங்காய் முறையை விடாமல் இன்னும் பல ட்ரையல் வைத்துத் தைக்கின்றன. அவகாசமும் பணமும் கூடுதலாக வேண்டும். அந்தப் பணம் தகும் என்பது என் தீர்மானமான கருத்து. என் கோட்டை இரண்டு தடவை பிரித்துப் பெரிதாக்கிய ஆம்பூர் தையல்காரர், உள்ளே மடித்துவிட்டிருந்த ஒரு இஞ்ச் துணியைத் தடவிப் பார்த்து, "இவர் உங்களுக்கு வயசாகும்னு யோசிச்சுத் தைச்சிருக்காரு சார்" என்றார்.

வெளியூரில் முதல் சூட்டு தைக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். இறங்கிய அன்றே அளவு கொடுங்கள், கையில் ஐந்து நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். கச்சாத் தையலில் ஒரு ட்ரையல் உண்டா என்று கேளுங்கள், நெஞ்சுப் பக்கம் தைத்ததா ஒட்டியதா என்றும் கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன், துணியை வெட்டப்போகிறவர் ஒரு தடவை உங்களை நேரில் பார்க்க முடியுமா என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்.