பதினேழோடு முடிகிற விளையாட்டா?

பெண்களின் நெடுந்தூர ஃப்ரீஸ்டைல் நீச்சலில் பதின்ம வயது தாண்டினால் உச்சமும் தாண்டிவிடும் என்ற நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. அதற்கு ஆதாரமும் இருந்தது. அமெரிக்காவின் ஜேனட் எவான்ஸ் 1988 சோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. அடுத்த ஆண்டு 800 மீட்டரை 8 நிமிடம் 16.22 விநாடியில் நீந்தினார். 19 ஆண்டுகள் அசையாமல் நின்ற அந்தச் சாதனையை எவான்ஸாலேயே மறுபடி தொட முடியவில்லை. 1992 பார்சிலோனாவில் 800 மீட்டர் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். ஆனால் அப்போது எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது விநாடிக்கு மேல் கூடுதல். உடல் வளர்ந்து முடிந்ததும் வேகம் போய்விடுகிறது, பெண்ணுக்கு இயற்கை விதித்த எல்லை அது என்று பலர் முடிவு கட்டினார்கள். அந்த எல்லையில் பெரும்பகுதியை விதித்தது இயற்கை அல்ல, விளையாட்டை நடத்துகிறவர்கள் என்பதற்கு அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கியின் வாழ்க்கை நல்ல சான்று.

லெடெக்கியின் தொடக்கமும் பழைய கதை போலத்தான் இருந்தது. 2012 லண்டனில், 15 வயதில், 800 மீட்டர் தங்கம். 2016 ரியோவில் 200, 400, 800 மூன்றிலும் தங்கம். அங்கே 800 மீட்டரில் அவர் தொட்ட நேரம் 8 நிமிடம் 4.79 விநாடி, இரண்டாவதாக வந்தவர் சுவரைத் தொட மேலும் 11 விநாடி ஆனது. நூறில் ஒரு பங்கு விநாடி பதக்கத்தைத் தீர்மானிக்கும் விளையாட்டில் இது கிட்டத்தட்ட வேறொரு போட்டி. அப்போது அவருக்கு வயது 19. பழைய கணக்குப்படி இனி இறக்கம்தான். டோக்கியோவில் ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸ் 400 மீட்டரில் அவரை வென்றதும், கணக்கு சரியாகிவிட்டதாகவே தோன்றியது. ஆனால் அந்தத் தோல்வியில் லெடெக்கி நீந்திய நேரம், அதுவரையிலான அவர் வாழ்நாளில் இரண்டாவது சிறந்த நேரம். அவர் மெதுவாகிவிடவில்லை, மற்றவர்கள் வேகமாகியிருந்தார்கள். பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். 2025 மே மாதம், 28 வயதில், ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் குளத்தில் தன் 800 மீட்டர் சாதனையைத் தானே முறியடித்தார்: 8 நிமிடம் 4.12 விநாடி. கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு உழைப்பில் குறைந்தது 0.67 விநாடி.

அப்படியானால் எவான்ஸுக்கு ஏன் அது வாய்க்கவில்லை? உடல் வளர்ச்சிக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் காலத்து ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நீச்சல் வீரர்களைத் தாங்குவது கல்லூரி விளையாட்டு. அங்கே பயிற்சி நேரத்துக்கு வார உச்சவரம்பு விதிக்கப்பட்டபோது, எவான்ஸ் ஸ்டான்ஃபோர்டு அணியை விட்டே விலகினார். விளம்பரப் பணம் வாங்கினால் கல்லூரிப் போட்டியில் இடமில்லை என்ற விதியும் அப்போது இருந்தது. படிப்பு முடிந்தால் அணி இல்லை, அணி இல்லாவிட்டால் உதவித்தொகையும் இல்லை. இருபத்திரண்டு வயதில் பலர் குளத்தை விட்டதற்கு உடம்பைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. லெடெக்கி 2018-ல், இரண்டு கல்லூரிப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டு தொழில்முறை நீச்சலுக்கு மாறினார். நீச்சலுடை நிறுவன ஒப்பந்தம் அவருக்குச் சோறு போட்டது. 2021-ல் இன்னொரு கதவும் திறந்தது. ஆண்களுக்கு 1908 முதலே ஒலிம்பிக்கில் இருந்த 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல், டோக்கியோவில்தான் பெண்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது. பெண்களால் அவ்வளவு தூரம் முடியாது என்பதுபோல் அரை நூற்றாண்டுக்கு மேல் 800 மீட்டரோடு நிறுத்தி வைத்திருந்ததை எண்ணினால் சிரிப்புத்தான் வருகிறது. 200 மீட்டர் இறுதியில் ஐந்தாவதாக வந்த அதே காலையில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, அந்த முதல் 1500 தங்கத்தை வென்றவர் லெடெக்கி.

லெடெக்கி ஒரு விதிவிலக்கு, அவரை வைத்துப் பொதுவாக எதையும் சொல்லக்கூடாது என்பார்கள். நியாயமான ஆட்சேபம். இன்னொரு அமெரிக்க நீச்சல் வீராங்கனை மிஸ்ஸி ஃபிராங்க்ளின் தோள்வலியால் 23 வயதில் விலகினார். டிட்மஸ் 25 வயதில் ஓய்வு அறிவித்தார். எல்லோராலும் நீடிக்க முடியும் என்று லெடெக்கி நிரூபிக்கவில்லைதான். ஆனால் யாராலும் முடியாது என்ற கூற்றை உடைக்க ஓர் ஆள் போதும். இளமைக்குச் சாதகமான இடம் இன்னும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 400 மீட்டரில் லெடெக்கியின் சொந்தச் சிறந்த நேரம் இன்றும் ரியோவில் எடுத்ததுதான். அந்தத் தூரத்தின் உலக சாதனையை 2025-ல் படைத்தவர் 18 வயது கனடியர் சம்மர் மெக்கின்டோஷ். பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தனிநபர் போட்டியை லெடெக்கி விட்டுக்கொடுத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். குறுகிய தூரத்தைக் கைகழுவி நீண்ட தூரங்களில் ஊன்றி நின்றது, தோல்வியிலிருந்து ஒளிந்துகொண்டது அல்ல, நல்ல கணக்கு.

நீண்ட தூரத்தில் போட்டியே இல்லை, அதனால்தான் வெல்கிறார் என்ற இன்னொரு குறை 2025 ஆகஸ்டு வரை செல்லுபடியாகியிருக்கலாம். சிங்கப்பூர் உலகப் போட்டியின் 800 மீட்டர் இறுதியில் அவருக்கும் ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டருக்கும் இடைவெளி 0.36 விநாடி. மெக்கின்டோஷ் மூன்றாவது. மூவரும் 8 நிமிடம் 8 விநாடிக்குள் முடித்தார்கள். எவான்ஸின் சாதனையைவிட எட்டு விநாடிக்கு மேல் வேகம். முதலில் சுவரைத் தொட்டவர்தான் அந்த மூவரில் வயதில் மூத்தவர்.