காது கொடுத்துக் கேட்போம் – 11: வட்டுக்குள் இன்னொரு வட்டு

கடந்த கிழமை ஸ்பீக்கர்களை அறையில் எங்கே வைப்பது என்று பார்த்தோம். இனி வட்டுக்கு வருவோம்.

கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவரிடம் எஸ்.ஏ.சி.டி. வட்டுகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. லண்டனிலிருந்து வரும் உறவினரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லி எடுப்பித்தவை. பிளேயரும் அதற்கென்றே வாங்கியதுதான். அதை ஒப்டிகல் வயரால் அம்ப்ளிபயரோடு இணைத்தார். வட்டு சுற்றியது, சத்தம் வரவில்லை. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினார், பாட்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருப்பது சாதாரண சீ.டி.!

சோனியும் பிலிப்ஸும் 1999இல் கொண்டுவந்த இந்த எஸ்.ஏ.சி.டி. வட்டில் பெரும்பாலும் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று, 1982 முதல் நமக்குப் பழகிய சீ.டி.; செக்கனுக்கு 44,100 தடவை, தடவைக்கு 16 பிட். மற்றது டி.எஸ்.டி.; ஒரே ஒரு பிட், ஆனால் செக்கனுக்கு 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை. யாரும் பிரதி எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், இந்த இரண்டாவது அடுக்கு ஒப்டிகல் வயரில் வெளியே போகாதபடி பூட்டிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவனைக் கள்வனாகப் பார்க்கும் இந்தப் புத்தியே அந்த வட்டை வளரவிடவில்லை என்பேன். நண்பர் அழுத்தியது சீ.டி. அடுக்குக்கு மாற்றும் பட்டன்.

பிளேயருக்குப் பின்னாலுள்ள அனலொக் துளைகளில் சிவப்பு, வெள்ளை வயர் போட்டால் போதும், டி.எஸ்.டி. வந்துவிடும். 5.1 ஒலி வேண்டுமென்றால் ஆறு வயர், அல்லது எச்.டி.எம்.ஐ. அம்ப்ளிபயருக்கு டி.எஸ்.டி. விளங்காவிட்டால் மெனுவில் பி.சி.எம். என்று மாற்றிவிடுங்கள். 2000இல் வந்த டி.வி.டி. ஓடியோவும் இதே குணம்தான். சாதாரண டி.வி.டி. பிளேயரிலும் அது பெரும்பாலும் பாடும். ஆனால் காதில் விழுவது சுருக்கப்பட்ட டொல்பி ஒலி, அந்த வட்டின் 24 பிட் ஒலி அல்ல.

பாவித்த பிளேயர் வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜப்பான் செட் 100 வோல்ற், கனடா செட் 120. நம்முடைய 230இல் நேரே சொருகினால் கதை முடிந்தது. 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. இந்த வட்டுகளை எல்லாம் பாடவைத்த ஒப்போ நிறுவனம் 2018இல் பிளேயர் செய்வதையே நிறுத்திவிட்டது; அதையும் இனிப் பாவித்ததாகத்தான் தேடவேண்டும்.

இத்தனை பாடும் எதற்கு? 2007இல் மேயர், மோரன் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உயர்தர வட்டின் ஒலியை நேராகவும், சீ.டி. தரத்துக்கு இறக்கியும் போட்டுக் காட்டி, எது எது என்று கேட்டார்கள். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும். ஆனாலும் அந்த வட்டுகள் பொதுவாக நன்றாகவே ஒலித்தன என்றும் அவர்கள் எழுதினார்கள். காரணம், கவனமாகச் செய்த ஒலிச்சேர்ப்பு.

எனக்கு இது ஆச்சரியமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் ஒரு பஸ் ஹோர்ன், கடற்கரைப் பக்கம் ரயில், தலைக்கு மேல் மின்விசிறி. விசிறியே 40 டெசிபலைத் தொடும். அதற்கு மேல் சீ.டி.யின் 96 டெசிபலை முழுதாக ஏற்றினால் காது தாங்காது. 24 பிட்டின் 144ஐ எங்கே வைப்பது? இலங்கை வானொலியை மத்திய அலையில், 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் அதிகம் எதுவும் வராத ஒலியில் கேட்டு உருகிய ஊர் இது. அமெரிக்காவில் ஓரியன்டல் ரெக்கோர்ட்ஸ் வெளியிட்ட பழைய இளையராஜா இறுவட்டுகளைத் தேடித் திரிகிறார்களே, அவையும் வெறும் 16 பிட்தான்.

ஆகவே, இதற்காகப் புதுப் பிளேயர் தேடி அலையவேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றிரவே வயரை மாற்றி, பிளேயரின் முகப்பில் எஸ்.ஏ.சி.டி. என்ற எழுத்து விழுகிறதா என்று பாருங்கள்.

(தொடரும்)